சென்சர் பழுதா, சுற்றுப் பழுதா?

கார் டாஷ்போட்டில் என்ஜின் வடிவத்தில் ஒரு செம்மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கினால் எங்களில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். தொடர்ந்து ஓடலாமா, நிற்பாட்டுவதா, யாரைக் கேட்பது என்று மனம் அடித்துக்கொள்ளும். கேட்கப்படுகிறவர் பெரும்பாலும் ஓர் ஆணாகவே இருப்பார். கணவர், தம்பி, பக்கத்து வீட்டு அண்ணா, கராஜ் பாஸ் என்று அந்த வரிசை போகும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதும், மரக்கறி ஏற்றுவதும், முச்சக்கர வண்டி ஓட்டுவதும் இன்று பெண்களுக்குப் புதுமையான தொழில்கள் அல்ல. ஆனால் பொனற்றைத் திறந்த பிறகு நடக்கும் கதை மட்டும் இன்னமும் ஆண்களுக்கிடையில்தான் நடக்கிறது.

அந்தக் கதைக்குள் நுழைவதற்கு இந்த மாதம் ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். "சுற்று" என்ற சொல். அதை யாரும் கவனியாமல் விட்டதால் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கையிலிருந்து 20,500 ரூபா போனது. இன்னும் 85,000 ரூபா போக இருந்தது.

அந்த அக்கா வலிகாமத்தில் இருக்கிறார். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து, சம்பலும் சொதியும் கட்டி, ஐந்தரைக்கெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு போய் நான்கு சாப்பாட்டுக் கடைகளுக்கும் ஒரு விடுதிக்கும் கொடுப்பார். கணவர் பாரிசவாதத்தில் படுத்து மூன்று வருடங்களாகின்றன. வீட்டு வருமானம் முழுவதும் அந்தக் காரின் பின் சீற்றில்தான் ஏறி இறங்குகிறது. கார் 2014 ஆம் ஆண்டு இந்தியத் தயாரிப்பு. சின்னக் கார், பெற்றோலில் ஓடுவது. 2019 இல் கையிலிருந்த சீட்டுக்காசையும் போட்டு வாங்கினார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதி கிடைத்ததும் வாசகிகளுக்குத் தெரிந்ததே. இடையில் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. இந்தக் காரை விற்று இன்னொன்று வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இருப்பதை ஓட வைக்க வேண்டும்.

காரின் வருத்தம் இப்படித்தான் இருந்தது. விடியப்புறம் வீட்டில் திறப்பைத் திருப்பினால் ஒரே தரத்தில் ஸ்ராட் ஆகும். முதலாவது கடையில் நிற்பாட்டிப் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்து திருப்பினால், சில நாட்களில் கறகறவென்று சுற்றுமே தவிர ஸ்ராட் ஆகாது. பெற்றோல் மணம் மூக்கில் அடிக்கும். பத்து நிமிடம் விட்டுப் பார்த்தால் ஒரு புகையைக் கக்கிக்கொண்டு எழும்பும். சில நாட்களில் இந்தப் பிரச்சினை எதுவுமே இராது. பெற்றோல் செலவு கூடிக்கொண்டு வந்தது. செம்மஞ்சள் விளக்கும் ஒரு நாள் எரியும், நான்கு நாள் அணைந்திருக்கும்.

கராஜில் ஸ்கானரைப் பூட்டிப் பார்த்தார்கள். பி 0118 என்ற எண் வந்தது. "ஹீற் சென்சர் அடிச்சுப்போட்டுது தம்பி" என்று பாஸ் சொன்னாராம். தம்பி என்று அவர் சொன்னது அக்காவுடன் கூடப் போன பதினைந்து வயது மகனை. காரை ஓட்டி வந்தவர், காசு கொடுக்கப் போகிறவர், வருத்தத்தின் குணங்குறிகளை நாள் நாளாகக் கண்டவர் பக்கத்தில் நிற்க, விளக்கம் மட்டும் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குப் போனது. இதை அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்சர் மாற்றினார்கள், 9,500 ரூபா. ஒரு கிழமை நன்றாக ஓடியது. மறுபடி அதே விளக்கு, அதே எண். "முதல் போட்டது மட்டமான சாமான்" என்று இன்னொரு சென்சர் போட்டார்கள், 11,000 ரூபா. மறுபடியும் அதே எண். மூன்றாம் முறை போனபோது, "இரண்டு சென்சர் மாத்தியும் சரிவரேல்லை எண்டால் கொம்பியூட்டர்தான்" என்று முடிவு சொன்னார்கள். பாவித்த கணினி ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுத்துப் பூட்ட 85,000 ரூபா. அந்தத் தொகைக்குக் கடன் விண்ணப்பம் நிரப்பத்தான் அக்கா எங்கள் நிலையத்துக்கு வந்தார். "நோக்கம்" என்ற இடத்தில் "கார் கொம்பியூட்டர்" என்று எழுதியிருந்தார்.

நான் சமூகவியல் படித்தவள். என்ஜின் எனக்குப் பாடமல்ல. ஆனால் எங்கள் தொழிற்பயிற்சித் தொடர்வேலையில் ஒரு தங்கச்சியைத் தெரியும். வாகன மின்னியலில் தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டம் முடித்தவள், வயது இருபத்துமூன்று. இப்போது ஒரு கராஜில் வேலை செய்கிறாள். என்ன வேலை என்றால், பில் எழுதுவது. அவளைத் தொலைபேசியில் பிடித்து எண்ணைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, அந்த கோட்டின்ர முழுப்பேரையும் வாசிச்சவையோ?"

முழுப்பெயரில்தான் விடயம் இருக்கிறது. இந்த எண்கள் ஒவ்வொரு கராஜும் தன் பாட்டுக்கு வைத்த எண்கள் அல்ல. அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து ஒரு பொதுவான சோதனை முறை கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 இலும், இந்தியாவில் அதன் இரண்டாம் கட்டம் 2013 இலும் வந்தன. எண்களின் பெயர்களையும் பொதுவாகவே வகுத்திருக்கிறார்கள். 'பி' என்றால் என்ஜினும் கியரும் சார்ந்தது. அடுத்த பூச்சியம் எல்லாக் கொம்பனிகளுக்கும் பொதுவான எண் என்பதைக் காட்டுகிறது. 0115 இலிருந்து 0119 வரை ஒரே குடும்பத்தில் பிறந்த ஐந்து சகோதரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே என்ஜினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சரின் சுற்றைப் பற்றியவை. 0117 என்றால் அந்தச் சுற்றில் மின்னழுத்தம் மிகத் தாழ்வு. 0118 என்றால் மிக உயர்வு. 0119 என்றால் விட்டு விட்டு வருகிறது. ஆகவே 0118 இன் முழுப்பெயர் "குளிர்விக்கும் நீர் வெப்பச் சென்சர் சுற்று, உயர்வு" என்பதாகும். கராஜில் "சென்சர்" என்ற சொல் காதில் ஏறியது. "சுற்று" என்ற சொல் விழுந்துவிட்டது. "உயர்வு" என்பதைச் சூடு கூடிவிட்டது என்று விளங்கிக்கொண்டு, முதல் நாள் றேடியேற்றருக்குக் கூலன்ற் வேறு நிரப்பி அதற்கும் காசு எடுத்திருக்கிறார்கள். உண்மையில் அது நேர்மாறான பொருள் தருவது. எப்படி என்று பார்ப்போம்.

சென்சர் என்பது ஒரு பித்தளைக் குமிழ். அதற்குள்ளே, சூடு ஏற ஏற மின்சாரத்துக்கான தடை குறைந்துகொண்டு போகும் ஒரு சிறு துண்டு இருக்கிறது. சூட்டை அதற்கு "வாசிக்க"த் தெரியாது. தடையை மாற்ற மட்டுமே தெரியும். காரின் கணினி தன்னிடமிருந்து 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு தடையினூடாக ஒரு வயரில் அனுப்புகிறது. அந்த வயர் சென்சருக்குப் போய், மற்ற வயரால் நிலத்தொடுப்புக்குத் திரும்புகிறது. திரும்பி வரும் பாதை எவ்வளவு இலகுவாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அனுப்பிய வயரில் அழுத்தம் இறங்கும். தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். பைப்பை நன்றாகத் திறந்துவிட்டால் குழாய்க்குள் அழுத்தம் விழுந்துவிடும். இறுக்கி மூடினால் தொட்டியின் அழுத்தம் முழுவதும் குழாய்க்குள் நிற்கும். சூடான சென்சர் திறந்த பைப். குளிர்ந்த சென்சர் பாதி மூடிய பைப். பொதுவாக நன்றாகச் சூடேறிய என்ஜினில் இந்த வயரில் அரை வோல்ட் அளவுதான் இருக்கும்.

இப்போது வயர் எங்காவது அறுந்தால்? பைப் முழுதாக மூடப்பட்டதற்குச் சமம். 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கணினிக்கு அறுந்த வயர் தெரியாது. "இவ்வளவு உயர்ந்த அழுத்தம் என்றால் தண்ணீர் கடுங்குளிரில் இருக்கிறது" என்றுதான் அது கணக்குப் போடும். ஸ்கானரில் அதன் கணக்கு மறை 40 பாகை என்று விழும். யாழ்ப்பாணத்து வெயிலில், கொதிக்கிற என்ஜினுக்குள், உறைபனிக்கும் 40 பாகை கீழே! அதை நம்பி, குளிரில் விறைத்த என்ஜினுக்குக் கொடுப்பது போலப் பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும். சூடான என்ஜினுக்கு அது வேண்டாத பெற்றோல். அதனால்தான் முதலாவது கடையடியில் மணம், புகை, ஸ்ராட் ஆகாத கறகறப்பு எல்லாம். பல கார்களில் பழுதை உறுதியாகக் கண்டவுடன் கணினி அந்தப் பொய் எண்ணைத் தள்ளிவிட்டு ஒரு மாற்று எண்ணை வைத்துக்கொள்ளும், றேடியேற்றர் விசிறியையும் பாதுகாப்புக்காக ஓடவிடும். ஆனால் தொடுப்பு விட்டு விட்டு வருகிறபோது அந்த ஏற்பாடும் குழம்பிப் போகும். விடியப்புறம் ஸ்ராட் ஆவதற்குக் காரணம் இன்னும் எளிது. குளிர்ந்த என்ஜினுக்குப் பெற்றோல் சற்றுக் கூடினாலும் அது பொறுத்துக்கொள்ளும்.

ஆக, 0118 என்ற எண் சென்சர் பழுது என்று சொல்லவில்லை. சென்சர் உள்ளே அறுந்திருக்கலாம். பிளக் கழன்றிருக்கலாம். பிளக்கின் ஊசியில் பச்சை பூத்திருக்கலாம். இரண்டு வயர்களில் ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது எலி கடித்திருக்கலாம் (எங்கள் பக்கத்தில் இது பகிடியல்ல). மிகக் கடைசியாகத்தான் கணினி. எண் தெருவின் பெயரைத் தருகிறது, வீட்டிலக்கத்தைத் தரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி அக்கா வீட்டு முற்றத்துக்கு வந்தாள். கையில் ஒரு மல்ரிமீற்றர், தொலைபேசியோடு இணைக்கிற மலிவான ஸ்கானர் ஒன்று, சோல்டரிங் அயன், அவ்வளவுதான். வந்தவள் பொனற்றைத் திறக்கவில்லை. இரவு முழுவதும் நின்ற காரில் திறப்பைப் போட்டு, என்ஜினை ஸ்ராட் செய்யாமல், ஸ்கானரில் எண்களைப் பார்த்தாள். தண்ணீர் 28 பாகை. உள்ளே இழுக்கும் காற்று 29 பாகை. "இரவிரவா நிண்ட காரில ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்க வேணும் அக்கா. இருக்குது. அப்ப இந்த நேரம் சுற்று சரியாத்தான் இருக்குது" என்றாள். பிறகு என்ஜினை ஓடவிட்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். 40, 55, 70, 86. விசிறி ஓடி நின்றது. பிறகு 91 இலிருந்து ஒரே தாவலில் மறை 40. அடுத்த கணம் மறுபடி 91. அக்கா, "ஐயோ, இதென்ன பிள்ளை?" என்றார். கொதித்த தண்ணீர் ஒரு கணத்தில் பனிக்கட்டியாகி மறு கணத்தில் கொதிக்க மாட்டாது. மாறியது தண்ணீர் அல்ல, தொடுப்பு.

ஆனால் அந்த அறுவை சென்சருக்குள்ளா, வயரிலா என்பது இன்னும் தெரியாது. இந்த இடத்தில்தான் கராஜில் நிறுத்திவிட்டுச் சென்சரை வாங்கியிருக்கிறார்கள். தங்கச்சி என்ஜினை நிற்பாட்டி, சென்சரின் பிளக்கைக் கழற்றினாள். திறப்பைப் போட்டு, பிளக்கின் வயர்ப் பக்கத்து இரண்டு ஊசிகளுக்கும் நடுவே மல்ரிமீற்றரை வைத்தாள். 5 வோல்ட் இருந்தது. கணினி அனுப்ப வேண்டியதை அனுப்புகிறது, நிலத்தொடுப்பும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அடுத்து அந்த இரண்டு ஊசிகளையும் ஒரு சின்ன வயர்த் துண்டால் இணைத்தாள். சென்சருக்குப் பதிலாகப் பைப்பை முழுதாகத் திறந்துவிட்டது போல. இப்போது ஸ்கானரில் 139 பாகை என்று ஏறியது. வயர் நல்லதாக இருந்து அதை இணைத்தால் எண் இப்படி உச்சத்துக்குப் போக வேண்டும். போனது. அப்படியானால் வயர் சரி, சென்சர்தான் பிழை என்று இந்த இடத்தில் சொல்லத் தோன்றும். அவள் சொல்லவில்லை. இணைத்த துண்டை அப்படியே விட்டுவிட்டு, வயர்க்கட்டைப் பிளக்கிலிருந்து பின்பக்கமாக விரல்களால் மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டு போனாள். ஒரு சாண் தூரத்தில், ஓர் இரும்புத் தாங்கியில் வயர்க்கட்டு உரசி வளையும் இடத்தில், எண் 139 இலிருந்து மறை 40 க்கு விழுந்தது. விட்டால் 139. அசைத்தால் மறை 40. மூன்று முறை செய்து காட்டி, மூன்றாம் முறை அக்காவின் விரலையே அந்த இடத்தில் வைத்து அசைக்கச் சொன்னாள்.

(ஒரு எச்சரிக்கை. இப்படி இணைத்துப் பார்ப்பது இந்த வகை இரண்டு வயர்ச் சென்சருக்கு மட்டும் பொருந்தும். மூன்று வயர் உள்ள சென்சர்களில் கண்டபடி இணைத்தால் வேறு பழுதை உண்டாக்கலாம். சூடான றேடியேற்றரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.)

கறுப்பு ரேப்பைப் பிரித்தபோது வயரின் மேலுறை முழுதாகத்தான் இருந்தது. தொட்டால் அந்த இடம் மட்டும் வாழைநார் போலத் துவண்டது. உறையைக் கீறினால், உள்ளே செம்பு இழைகள் அறுந்து பச்சை பூத்துக் கிடந்தன. வயர்க்கட்டைத் தாங்கியோடு பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்ரிக் கிளிப் இல்லை. எப்போதோ யாரோ ஒரு வேலைக்குக் கழற்றி, திரும்பப் போடாமல் விட்டது. அதனால் என்ஜின் ஆடும் ஒவ்வொரு தடவையும் வயர் அந்த விளிம்பில் வளைந்து வளைந்து அறுந்திருக்கிறது. முதல் சென்சரை மாற்றியபோது ஒரு கிழமை நன்றாக ஓடியதற்கும் விளக்கம் அதுவே. மாற்றும்போது வயரைப் பிடித்து இழுத்திருப்பார்கள், அறுந்த நுனிகள் கொஞ்ச நாளைக்கு ஒன்றோடொன்று பட்டுக்கொண்டிருந்திருக்கும்.

நான் ஒன்று கேட்டேன். கணினி பழுதில்லை என்று முன்கூட்டியே ஊகிக்க வழி இருந்ததா? இருந்தது என்றாள். பல சென்சர்களின் நிலத்தொடுப்புகள் உள்ளே போய் ஒன்றாகச் சேருகின்றன. பழுது அந்தச் சேர்மானத்திலோ கணினியிலோ இருந்தால் பெரும்பாலும் வேறு சென்சர்களும் கூடச் சேர்ந்து முறையிடும். இங்கே ஒரே ஒரு எண்தான் வந்துகொண்டிருந்தது. அப்படியானால் பழுது அந்தச் சென்சரின் தனிக் கிளையில், சென்சருக்குக் கிட்ட இருக்கவே இடமதிகம். குடும்பப் பிணக்குகளை விசாரிக்கப் போகிற எனக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. எத்தனை பேர் முறையிடுகிறார்கள், யார் மட்டும் முறையிடுகிறார் என்பதை முதலில் பார்ப்பது எங்கள் தொழிலிலும் உண்டு.

அறுந்த பகுதியை வெட்டி, அதே தடிப்பில் புது வயர்த் துண்டு வைத்து, ஈயம் ஊற்றி, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடினாள். வெறுமனே முறுக்கி ரேப் சுற்றினால் எங்கள் உப்புக்காற்றில் ஆறு மாதம் தாங்காது என்றாள். வயர்க்கட்டைத் தாங்கியிலிருந்து விலக்கிப் புதுக் கிளிப்பால் பிடித்தாள். சாமானுக்குச் செலவு சில நூறு ரூபா.

வேலை முடிந்த பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த விடயம் நடந்தது. கராஜில் கழற்றிய பழைய சென்சர்கள் இரண்டையும் அக்கா ஒரு பொலித்தீன் பையில் வைத்திருந்தார். கேட்டு வாங்கி வந்தவர் அவர்தான், இந்த விடயத்தில் அவருக்குப் புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கச்சி அடுப்படியிலிருந்து ஒரு சட்டி கிணற்றுத் தண்ணீரும் ஒரு சட்டி சுடுதண்ணீரும் கேட்டாள். சென்சரின் குமிழை மட்டும் தண்ணீரில் அமிழ்த்தி, மேலே இருக்கும் இரண்டு ஊசிகளில் மல்ரிமீற்றரைத் தடை அளக்கும் நிலையில் வைத்தாள். கிணற்றுத் தண்ணீரில் 1,800 ஓம் அளவு. சுடுதண்ணீரில் விட்டவுடன் எண் சரசரவென்று இறங்கி 330 இல் வந்து நின்றது. மற்றதும் அப்படியே. காரோடு வந்த பழைய சென்சர், கராஜ்காரர் "மட்டமான சாமான்" என்று கழற்றிய சென்சர், இரண்டுமே எந்தக் குறையுமில்லாமல் வேலை செய்தன. பொதுவாக இந்த வகைச் சென்சர் 20 பாகையில் 2,000 இலிருந்து 3,000 ஓம் வரையும், 80 பாகையில் 300 ஓம் அளவிலும் காட்டும். சரியான அளவு காருக்குக் கார் சற்று மாறும். ஆனால் சூட்டில் ஒரே சீராக இறங்க வேண்டும், நடுவில் தாவக்கூடாது. இதைப் பார்க்க ஐந்து நிமிடமும் ஒரு சட்டி சுடுதண்ணீரும் போதும். 20,500 ரூபாவுக்கு முன்னர் அந்த ஐந்து நிமிடம் செலவழிக்கப்படவில்லை.

கராஜ்காரரைக் கள்ளர் என்று சொல்ல நான் வரவில்லை. அவரின் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். சாமான் மாற்றினால் பில்லில் எழுதலாம். ஒன்றரை மணித்தியாலம் வயரை அசைத்துக்கொண்டு நின்றதை எதற்குள் எழுதுவது? "பார்த்ததுக்கு மட்டும் 4,000 ரூபாவோ" என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு நிற்பார்கள். புதுச் சாமானுக்கு 11,000 கொடுக்கக் கை கூசுவதில்லை, மூளைக்கும் நேரத்துக்கும் கொடுக்கக் கூசுகிறது. அப்படிப்பட்ட சந்தையில் சோதித்துப் பார்ப்பவன் நட்டப்படுகிறான், மாற்றிப் பார்ப்பவன் பிழைக்கிறான். பெண் வாடிக்கையாளர் என்றால் இன்னும் ஒன்று சேர்கிறது. அவர் திருப்பிக் கேள்வி கேட்க மாட்டார் என்ற துணிவு.

அந்தத் துணிவைக் குறைக்க என்ஜின் படித்திருக்கத் தேவையில்லை. ஸ்கானரில் வந்த எண்ணைப் பெயரோடு முழுதாக ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். "சென்சர் பழுது" என்றால், எந்தச் சோதனையில் கண்டார்கள் என்று கேளுங்கள். சென்சரையே அளந்து பார்த்தீர்களா, பிளக்கில் 5 வோல்ட் வருகிறதா என்று இரண்டே கேள்வி கேட்டாலே கதையின் தொனி மாறும். விளக்கை அணைத்துவிட்டு "சரி" என்று தந்தால் ஏற்க வேண்டாம். ஸ்கானரால் எண்ணை அழித்தாலும் விளக்கு அணையும், பழுது அங்கேயே இருக்கும். கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி அது உங்கள் உரிமை, தயவல்ல. மகனையோ தம்பியையோ கூட்டிப்போவதில் தவறில்லை. விளக்கம் அவர்களுக்குப் போனால், "எனக்குச் சொல்லுங்கோ, கார் ஓடுறது நான்" என்று குறுக்கிட வேண்டும்.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்தால், கார் வழமை போல் ஓடினால், மெதுவாக வீடு போய்ச் சேரலாம். அது மின்னி மின்னி எரிந்தால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போகிறது என்று பொருள், ஓரமாக நிற்பாட்டுவது நல்லது. சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தால் உடனே நிற்பாட்ட வேண்டும். அக்காவின் காரில் இன்னோர் ஆபத்தும் இருந்தது. சுற்று அறுந்து கிடக்கும் நேரத்தில் என்ஜின் உண்மையாகவே கொதித்திருந்தால் கணினிக்கு அது தெரிந்திராது.

தங்கச்சிக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் ஒரு சிறிய இழுபறி வந்தது. அக்கா இடியப்பப் பார்சலும் 1,000 ரூபாவும் கொண்டு வந்தார். தங்கச்சி, "வேண்டாம் அக்கா, உதவிதானே" என்றாள். நான் விடவில்லை. ஆண் செய்தால் வேலை, பெண் செய்தால் உதவி என்று இருக்கும் வரைக்கும் அவள் பில் மேசையை விட்டு எழும்ப முடியாது. 3,500 ரூபா என்று முடிவாயிற்று. "அந்த 85,000 ஐ நினைச்சால் இது ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று அக்காவும் மனம் ஒப்பித்தான் கொடுத்தார். பார்சலையும் கொடுத்தார்.

அது நடந்து நான்கு மாதங்களாகின்றன. விளக்கு மறுபடி எரியவில்லை. பெற்றோல் செலவு பழையபடி இறங்கிவிட்டது. கடன் விண்ணப்பத்தை அக்கா என் மேசையிலேயே கிழித்துப் போட்டார். பாடசாலை வான் ஓடும் இரண்டு பெண்கள் தங்கச்சியின் இலக்கம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் யப்பானுக்குள் விற்கவென்று செய்யப்பட்ட பழைய வான்கள் பலவற்றோடு அவளின் மலிவான ஸ்கானர் பேசாது. அதற்கேற்ற கருவிக்கும் ஒரு நல்ல மல்ரிமீற்றருக்கும் அவள் எங்கள் சுழற்சிக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பிணை நிற்க ஒப்பமிட்டிருப்பவர் இடியப்ப அக்கா.

கடன் குழுவில் ஒருவர், பிள்ளை கலியாணம் முடித்துப் போய்விட்டால் தவணையை யார் கட்டுவது என்று கேட்டிருக்கிறார். இதற்கு முன் முச்சக்கர வண்டி திருத்தக் கடன் எடுத்த தம்பிமார் ஒருவரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பதைக் கோப்புகளைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழு அடுத்த மாதம் கூடுகிறது.